இத்தாலியில் படிக்கப் போகிறவர்கள் எதைப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

(மேற்படிப்புக்காக இத்தாலி போகும் நம் பிள்ளைகள் அங்கே பார்க்க வேண்டிய பழைய கட்டடங்கள், ஓவியங்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பொலோனியாவில் சுவரோவியப் பாதுகாப்பு படித்து, அங்கேயே சாரத்தில் ஏறி வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நம் பத்தி எழுத்தாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: செப்டம்பரில் பதுவாவில் முதுகலைப் படிப்பு தொடங்குகிறது. படிப்பு முடிவதற்குள் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், மிலான், பைசா, நேப்பிள்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிடப் பட்டியல் போட்டிருக்கிறேன். இன்னும் எதைச் சேர்க்கலாம்?
– திருநெல்வேலி வாசகர்

தம்பி, எதையும் சேர்க்க வேண்டாம். முதலில் அதிலிருந்து இரண்டு ஊரை எடுத்துவிடுங்கள். நீங்கள் குடியிருக்கப்போகும் பதுவாவே உங்கள் பட்டியலில் இல்லையே! நம் பக்கம் குருசடிக்குக் குருசடி கும்பிடுகிற பதுவை அந்தோணியாரின் ஊர் அது. அவர் அடங்கியிருக்கும் பேராலயத்துக்கு எதிரே குதிரைமேல் ஒரு படைத்தலைவர் உட்கார்ந்திருப்பார். தொனாத்தெல்லோ வார்த்த வெண்கலம். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் 1222இல் தொடங்கியது. 1592 முதல் 1610 வரை கலிலியோ அங்கே பாடம் நடத்தினார். அதன் பழைய கட்டடத்தில் 1595இல் மரத்தால் கட்டிய உடற்கூறு அரங்கு அப்படியே நிற்கிறது. நடுவில் மேசை, சுற்றிலும் ஆறு அடுக்கு. மாணவர்கள் நின்றுகொண்டே பார்க்கிற அளவுக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள். உலகத்திலேயே முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற பெண் என்று சொல்லப்படும் எலெனா கொர்னாரோ பிஸ்கோபியாவுக்கு 1678இல் பட்டம் கொடுத்ததும் இந்தப் பல்கலைக்கழகம்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். பதுவாவில் இருந்துகொண்டு ஸ்க்ரோவென்யி சிற்றாலயத்தைப் பார்க்காமல் வெனிசுக்கு ரயில் ஏறினால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் கட்டடம். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே நான்கு சுவரும் கூரையும் ஜோத்தோ தீட்டியவை. 1305 மார்ச் 25 அன்று அதை அபிஷேகம் செய்தார்கள். கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரோவென்யி, வட்டித் தொழிலில் பணம் சேர்த்த குடும்பம். அவருடைய அப்பாவைக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். மகனோ வாசல் சுவரில் இருக்கும் இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், புண்ணியவான்கள் பக்கம் மண்டியிட்டு, இந்தக் கோயிலையே கையில் ஏந்தி மாதாவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். எதிர்ப்பக்க நரகத்தில் வட்டிக்காரர்கள் பணப்பையோடு தொங்குவார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு நேரத்தில் 25 பேருக்கு மேல் கிடையாது. முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். நம் உடம்போடும் துணியோடும் வரும் ஈரமும் தூசும் அங்கே அடங்க வேண்டும். அதற்காகத்தான் அந்த அறை. பிறகு உள்ளே கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் எல்லாக் கட்டங்களையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கி மடியில் கிடத்தி அழுகிற கட்டம் ஒன்று. முன்னால் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முகமே தெரியாது, ஆனால் அந்த முதுகு அழுவது தெரியும். பின்னால் ஒரு பாறை, மேட்டிலிருந்து சரிவாக இறங்கி, நேராக அம்மாவின் முகமும் மகனின் முகமும் சேருகிற இடத்தில் கண்ணைக் கொண்டுவந்து விடும்.

இரண்டாவது, மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பிறந்த கட்டம். அதில் மாதாவின் நீல ஆடையைப் பாருங்கள். நீலம் பெரும்பாலும் உதிர்ந்துபோய் அடியில் பூசிய நிறம் தெரியும். ஏன் நீலம் மட்டும் போயிற்று? ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், பூச்சு காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாக இறுகும். வண்ணம் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். பிறகு 700 வருடம் ஆனாலும் இருக்கும். அந்தக் காலத்து நீலம் சுண்ணாம்பின் ஈரத்தோடு ஒத்துப்போகாது. அதனால் சுவர் காய்ந்த பிறகு பசையில் குழைத்து மேலே பூசினார்கள். ஒட்டியது ஒருநாள் உதிரத்தானே செய்யும்!

இன்னொன்று. கொத்தனார் அன்றன்றைக்கு ஓவியர் தீட்டி முடிக்கிற அளவுக்குத்தான் பூச்சு போடுவார். மறுநாள் பூச்சு முந்தின நாள் பூச்சைத் தொடுகிற இடத்தில் மெல்லிய விளிம்பு தெரியும். ஒரு தலைக்கு ஒரு நாள், பெரிய வானத்துக்கு ஒரு நாள் என்று அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று பார்த்தால் பழகாத கண்ணுக்கும் அகப்படும். சாரத்தில் நின்று விரல்நுனி தூரத்தில் அந்த விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓடிய ஒரு கை எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் பக்கத்திலேயே எரெமித்தானி தேவாலயம். 1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டில் அங்கே மந்தென்யா இளம் வயதில் தீட்டிய சுவர்கள் தூள்தூளாயின. பொறுக்கி எடுத்த துண்டுகளைப் பழைய புகைப்படத்தோடு பொருத்திப் பொருத்தித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குண்டு சில நூறு அடி தள்ளி விழுந்திருந்தால் ஜோத்தோ இல்லை.

கேள்வி: மகள் மிலான் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சேர்ந்திருக்கிறாள். உதவித்தொகையில்தான் காலம் ஓடுகிறது. ஊர் சுற்றிப் பார்க்கக் காசும் போகும், படிப்பும் கெடும் என்று நினைக்கிறேன். தவறா?
– ஈரோடு வாசகர்

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைக்குக் கட்டடம் பார்ப்பது ஊர் சுற்றுவதில் சேராது. அதுவும் அவள் பாடம்தான். ஆகவே தாராளமாக அனுப்புங்கள்.

காசு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் இலவசம். அன்றைக்குக் கூட்டம் இருக்கும். பெரிய பெயர்களை விட்டுவிட்டுச் சின்ன ஊர்களுக்குப் போனால் நிம்மதி. 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்று பலகையில் போட்டிருப்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நம் பிள்ளைகள் அதை நம்பிப்போய் வரிசையில் நின்று ஏமாறுகிறார்கள். ஆனால் கட்டடக்கலை, தொல்லியல், பாரம்பரியப் பாதுகாப்பு போன்ற துறைகளில் அங்கே படிக்கிற மாணவர்களுக்கு அரசு இடங்களில் சலுகை உண்டு. அதற்கு மாணவர் அட்டை மட்டும் போதாது. எந்தத் துறை என்று எழுதியிருக்கும் சேர்க்கைச் சான்றையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் தயங்காமல் கேட்க வேண்டும்.

பயணத்துக்கு அதிவேக ரயில் வேண்டாம். எல்லா நிலையத்திலும் நின்று போகிற வட்டார ரயில் விலை குறைவு, கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் அதே விலை. காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். இதை மறந்துவிட்டு அபராதம் கட்டிய மாணவர்கள் அநேகம். மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் இந்த ஒன்றில் கவனமாக இருந்தால் போதும்.

கேள்வி: பொலோனியாவில் இருக்கிறேன். ஆய்வகத்தில் ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. போன அன்றே திரும்பி வருகிற மாதிரி ஒரே ஒரு ஊர் சொல்லுங்கள் அக்கா.
– பொலோனியாவிலிருந்து ஒரு தஞ்சாவூர்ப் பெண்

ராவென்னா. யோசிக்கவே வேண்டாம்மா. வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நிலையத்திலிருந்து எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம்.

402இல் மேற்கு ரோமப் பேரரசு தன் தலைநகரை அங்கே மாற்றிக்கொண்டது. சுற்றிலும் சதுப்பு நிலம், எதிரி எளிதில் வர முடியாது. பிறகு கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆண்டார்கள், அவர்களிடமிருந்து கான்ஸ்டான்டிநோபிள் பேரரசு பிடித்தது. மூன்று ஆட்சியும் தங்கள் தங்கள் கோயிலைக் கட்டி, உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டிகளைச் சாந்தில் பதித்துச் சுவரையே வண்ணமாக்கின. தலைநகர்ப் பெருமை போனபின் ஊர் ஒதுங்கிவிட்டது. இடித்துக் கட்ட யாருக்கும் காசில்லை. அதனால்தான் 1500 வருடத்துப் பதிகண்ணாடி இன்றைக்கும் இருக்கிறது.

முதலில் காலா பிளாசிதியாவின் சமாதிக் கட்டடத்துக்குப் போங்கள். ஐந்தாம் நூற்றாண்டு. வெளியே குள்ளமான செங்கல் வீடு. உள்ளே கால் வைத்ததும் ஒன்றும் தெரியாது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகை, தேன் நிறத்தில் வெளிச்சம் கசியும். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். மெல்ல மெல்ல மேலே கருநீலமும் அதில் தங்க நட்சத்திரங்களும் வரும். கூட்டமாக வருகிறவர்கள் கண் பழகுவதற்குள் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் போகட்டும், நீங்கள் நில்லுங்கள்.

அடுத்த வாசலிலேயே சான் வித்தாலே தேவாலயம், 547இல் அபிஷேகம் ஆனது. பலிபீடத்தின் இரு பக்கமும் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் பரிவாரத்தோடு நிற்பார்கள். ஒரே இடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாக மெல்ல நடந்து பாருங்கள். தங்கக் கட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று மின்னும். தங்கத் தகட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து உருக்கி, உடைத்து, ஒவ்வொரு கட்டியையும் கொஞ்சம் கொஞ்சம் வெவ்வேறு சாய்வில் பதித்திருக்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்துக்காகச் செய்த வேலை அது. புகைப்படத்தில் இது வராது. எவ்வளவு நல்ல அச்சிலும் வராது.

நான் ராவென்னாவை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயம். கோத்து அரசர் தியோடரிக் கட்டியது. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அவருடைய அரண்மனை இருக்கும். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைச்சீலை தொங்கும். ஆட்சி மாறியதும் அந்த வளைவுகளில் நின்ற கோத்துப் பிரபுக்களைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரையைப் பதித்துவிட்டார்கள். ஆனால் தூண்களைப் பாருங்கள். அங்கங்கே தனியாக ஒரு கை, விரல்களோடு, தூணின்மேல் கிடக்கும். ஆளை எடுத்தவர்கள் தூணைக் குறுக்கே மறைத்த கையை எடுக்கவில்லை. தூணைத் திரும்பப் பதிக்கச் சோம்பலா, நேரமில்லையா, வேண்டுமென்றே விட்டார்களா, தெரியாது. ஒரு அரசாட்சியை எப்படி அழித்தார்கள் என்பதற்கு அந்தக் கைகளைவிட நேரடியான சாட்சி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேரம் மிஞ்சினால் தாந்தேயின் சமாதி. பிளாரன்ஸ் அவரை நாடு கடத்தியது. 1321இல் ராவென்னாவில் இறந்தார். எலும்பைக் கொடுங்கள் என்று பிளாரன்ஸ் கேட்டும் இவர்கள் கொடுக்கவில்லை. சமாதியில் எரிகிற விளக்குக்கு வருடா வருடம் எண்ணெய் மட்டும் பிளாரன்சிலிருந்து வருகிறது.

கேள்வி: மிலானில் லியொனார்டோவின் 'கடைசி இராவுணவு' பார்க்கச் சீட்டே கிடைக்கவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுப் பார்க்கத் தகுந்ததுதானா?
– கோயம்புத்தூர் வாசகி

தகுந்ததுதான். சீட்டைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மொத்தமாக விடுவார்கள். விடுகிற நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று காலையிலேயே வாங்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே கால் மணி நேரம்.

சுவர் வேலை படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். லியொனார்டோ நின்று நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைகிறவர். ஈரப் பூச்சு அவருக்குச் சரிப்படவில்லை. காய்ந்த சுவரில் எண்ணெயும் முட்டைப் பசையும் கலந்து தீட்டினார். 1498 வாக்கில் முடித்தார். அவர் உயிரோடிருக்கும்போதே உதிர ஆரம்பித்துவிட்டது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து, ஓவியம் இருக்கும் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் போயின. மணல் மூட்டை அடுக்கிக் காத்த இந்தச் சுவர் நின்றது. 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது.

எல்லோரும் அந்த ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் கடைசி மூன்று நிமிடம் திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். மோந்தோர்ஃபனோ என்பவர் 1495இல் தீட்டிய சிலுவை மரணம். ஈரப் பூச்சில் வழக்கப்படி செய்தது, நிறம் இன்றும் கெட்டியாக நிற்கிறது. மேதை அல்லர், தொழில் தெரிந்தவர். அந்தச் சுவரிலேயே கீழே இரு ஓரத்திலும் ஆட்சிக் குடும்பத்தார் மண்டியிட்டிருக்கும் உருவங்கள் அழிந்து நிழலாக நிற்கும். அவை லியொனார்டோ வகையில் காய்ந்த சுவரில் பிறகு சேர்த்தவை. ஒரே அறையில் இரண்டு முறையும் அருகருகே. எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

கேள்வி: ரோமில் பார்க்க வேண்டியவை எல்லாம் தேவாலயத்துக்குள் இருக்கின்றன. நான் கிறிஸ்தவன் இல்லை. உள்ளே போகலாமா? என்ன முறை?
– கீழக்கரை வாசகர்

தாராளமாகப் போகலாம். யாரும் மதம் கேட்பதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் காலத்திலும் ஒரு துண்டு பையில் இருக்கட்டும். பூசை நடக்கும்போது உள்ளே சுற்றி வரக் கூடாது. ஓரமாக உட்காருங்கள், அல்லது முடிந்தபின் வாருங்கள். மதியம் பல தேவாலயங்களைச் சாத்திவிடுவார்கள், நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதற்குத் தகுந்தபடி காலையில் தேவாலயம், மதியம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் கட்டணமே இல்லாமல் கரவாஜ்ஜோவின் ஓவியங்களைப் பார்க்கலாம் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயம். இடப்பக்கம் கடைசிச் சிற்றறையில் புனித மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள். 1600ஐ ஒட்டி வரைந்தவை. வரி வசூலிக்கிறவர்கள் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்க, வலப்பக்கமிருந்து இயேசு கை நீட்டிக் கூப்பிடுவார். வெளிச்சமும் அவர் கையோடு சேர்ந்தே வலப்பக்கமிருந்து நுழையும். அந்தச் சிற்றறையின் உண்மையான சன்னல் எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், ஓவியர் எந்த இடத்துக்காக இதை யோசித்தார் என்று விளங்கும். அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப்போயிருந்தால் இது போயிருக்கும். படைத்த இடத்திலேயே இருக்கிற வேலையைத் தேடிப் போங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதற்காகத்தான். விளக்கு எரியப் பெட்டியில் நாணயம் போட வேண்டும், சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிட நடையில் சாந்த் அகஸ்தீனோ தேவாலயம். அங்கே கரவாஜ்ஜோவின் மாதா பிள்ளையை ஏந்தி வாசலில் நிற்க, இரண்டு ஏழை யாத்திரிகர்கள் மண்டியிட்டிருப்பார்கள். அவர்களுடைய அழுக்குப் பாதம் உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். நடந்தே வந்தவர்களின் பாதம்.

பழைய ரோமர் கோயிலான பேந்தியனுக்கு இப்போது சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் உண்டு. கொடுத்துப் பாருங்கள். குறுக்கே 43 மீட்டருக்கு மேல், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. கம்பி இல்லாத காரையில் இவ்வளவு பெரிய குவிமாடம் வேறு கிடையாது. அடியில் கனமான கல், மேலே போகப் போக இலேசான கல், உச்சிக்குப் பக்கத்தில் நுரைக்கல் என்று கலவையை மாற்றியிருக்கிறார்கள். நடுவில் திறந்த வாய். மழை நேரே உள்ளே விழும். தரை மெல்லச் சரிந்து, சின்னத் துளைகள் வழியே தண்ணீர் இறங்கிவிடும். மழை பெய்கிற அன்று ரோமில் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். பிளாரன்சில் ஒரு நாள்தான் இருப்பேன்.
– நாமக்கல் வாசகர்

அப்படியென்றால் உஃபிசி ஓவியக்கூடம் வேண்டாம். பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறுங்கள்: 463 படி, முன்பதிவு அவசியம். புருனெல்லெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் மூடினார். இவ்வளவு அகலத்துக்கு அடியிலிருந்து சாரக்கட்டு கொடுக்க மரம் போதாது. கீழே தாங்கு இல்லாமலே எழுப்பினார். குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். உங்கள் படிக்கட்டு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் போகிறது. ஏறும்போது செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள். படுக்கை வரிசைகளுக்கு நடுவே ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த வரிசை சாய்வாகச் சுற்றிக்கொண்டே மேலே போகும். சாந்து இறுகுமுன் செங்கல் வழுக்கி விழாமல் அந்த நிமிர்ந்த கல் பிடித்துக்கொள்ளும்.

இறங்கியபின் சாந்தா குரோச்சே தேவாலயம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. அங்கே இருக்கும், ஓவியர் சிமாபுவே தீட்டிய பெரிய சிலுவை சேற்றிலும் எண்ணெயிலும் முங்கி, வண்ணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அப்போது பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து, வரிசையாகக் கைமாற்றிக் கைமாற்றி நூலகத்திலிருந்து நனைந்த புத்தகங்களை மேலே ஏற்றினார்கள். ஊர் அவர்களைச் சேற்றுத் தேவதைகள் என்று இன்றும் சொல்கிறது. வெளியூரில் படிக்க வந்த பிள்ளைகள் அந்த ஊருக்குச் செய்ததில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சிலுவையை முழுவதுமாகப் புதுப்பித்துத் தீட்டிவிடவில்லை. போன இடம் போனது என்று தெரியும்படிதான் விட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலின் ஒழுக்கம் அதுதான். அதைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: இத்தாலியில் தமிழோடு தொடர்புள்ள இடம் உண்டா?
– சிவகங்கை வாசகர்

உண்டு. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே, மான்டுவா மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நம் பள்ளிகள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்த புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அங்கேதான். 'தேம்பாவணி' படித்தவர்கள் ஒருமுறை அந்தத் தெருவில் நடக்கலாம். பெரிய நினைவுச் சின்னத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்படியே மான்டுவாவின் கோமகன் அரண்மனையில் மந்தென்யா தீட்டிய அறையையும் பாருங்கள். கூரையில் வட்டமாக வானம் திறந்து, மேலிருந்து பெண்களும் குழந்தைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

ரோமில் பேரரசர் மாக்சென்டியசின் பெரிய மண்டபம் நிற்கிற இடத்தில் முன்பு மிளகுக் கிடங்கு இருந்தது. பேரரசர் தொமிஷியன் காலத்துக் கட்டடம். பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போன யவனர் கப்பல்களை அகநானூறு முசிறியில் நின்று பார்த்தது. அந்தச் சரக்கு இறங்கிய மறுமுனை இது. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில், பொம்பெயியில் 1938இல் கிடைத்த தந்தச் சிலை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய கால் மீட்டர் உயரமுள்ள ஒரு பெண், இரு பக்கமும் தோழிகள், கழுத்தும் இடையும் நிறைய நகை. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்றே ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் சிலை அன்று. அடியில் வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்து இருக்கிறது. ஆனாலும் கி.பி. 79இல் பொம்பெயியை எரிமலை மூடுமுன் இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பொருள். சில நாட்கள் அந்த அறை பூட்டியிருக்கும், விசாரித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஓவியம், சிற்பம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொலோனியாவில் மென்பொருள் படிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– பொலோனியாவிலிருந்து ஒரு விருதுநகர் மாணவர்

தெரியாதது ஒரு குறையே இல்லை தம்பி. பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் மீனும் காய்கறியும் விற்கிற சந்துக்குள் சாந்தா மரியா தெல்லா வீத்தா என்று ஒரு தேவாலயம். அங்கே நிக்கொலோ தெல் அர்க்கா 15ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்ணில் செய்த ஆளுயர உருவங்கள் இருக்கின்றன. இறந்த இயேசு கிடக்கிறார், சுற்றி ஆறு பேர். ஒருவரிடம் சுத்தியல். ஆணி பிடுங்கிய கை. இளைஞர் ஒருவர் மோவாயைக் கையில் ஏந்தி அழுகையை அடக்குகிறார். வலப்பக்கம் இரண்டு பெண்கள் வாய் திறந்து கதறிக்கொண்டு ஓடி வருகிறார்கள். துணி பின்னால் காற்றில் பறக்கிறது. மண்ணில் இப்படித் துணி பறக்க வைப்பது எவ்வளவு கடினம் என்று குயவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் துக்கவீட்டுக்குள் ஓடி வருகிற பெண்களைப் பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

நுழைவுச்சீட்டு சில யூரோதான். படம் எடுக்கலாம், மின்னொளி கூடாது. ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கையை மட்டும் வரைந்து பாருங்கள்; எத்தனை கோடு தவறினாலும் அதற்குள் அந்தக் கையை நன்றாகப் பார்த்திருப்பீர்கள். அது பிடித்திருந்தால் சான் தொமெனிகோ தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே சமாதிப் பேழையில் மெழுகுவத்தித் தாங்கி பிடித்து ஒரு சின்னத் தேவதை மண்டியிட்டிருக்கும், மைக்கெலாஞ்சலோ உங்களைவிடச் சின்ன வயதில் செதுக்கியது. இரண்டு தேவதைகள் உண்டு; மற்றதை நிக்கொலோ செய்தார். எது யாருடையது என்று பலகையைப் படிக்குமுன் நீங்களே தீர்மானித்து, ஏன் என்று எனக்கு எழுதுங்கள்.